சந்தனம் தனித்து வளராது

ஜவ்வாது மலையில் சாமைக் கொல்லையின் வரப்போரம் சந்தனக் கன்று முளைப்பது புதிதல்ல. கொண்டைக்குருவியும் மைனாவும் கருநீலப் பழத்தைத் தின்று எச்சமிட்ட இடமெல்லாம் அது முளைக்கும். முளைத்த கன்றை வளரவிடுவதுதான் புதிது. யார் நிலத்தில் நின்றாலும் சந்தன மரம் அரசாங்கத்துச் சொத்து என்றிருந்த காலத்தில், தென்னிந்தியச் சந்தனப் பகுதிகளில் உழவர்கள் பலரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். கன்று முழங்கால் உயரம் வருவதற்குள் பிடுங்கிப் போட்டார்கள். வளரவிட்டால் மரத்துக்குக் காவல் நிற்கவேண்டும். காவல் தவறிக் களவு போனால் பதில் சொல்லவேண்டும். தானே வெட்டினால் சிறை. இத்தனைக்கும் பிறகு உழவருக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது. இந்த நிலையில் கன்றைப் பிடுங்கியவரைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை.

அந்தச் சட்டம் மாறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்று பட்டா நிலத்தில் யார் வேண்டுமானாலும் சந்தனம் வளர்க்கலாம். வேளாண்மைத் துறையின் மரக்கன்றுத் திட்டங்களில் தேக்கு, மகோகனி, வேங்கையோடு சந்தனமும் இருக்கிறது. சமவெளியில் தொழிலதிபர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் கம்பிவேலி போட்டு ஏக்கர் கணக்கில் நட்டிருக்கிறார்கள். ஆனால் இந்த மரம் பிறந்து வளர்ந்த மலையில், நெல்லிவாசல்நாடு போன்ற ஊராட்சிகளில், இரண்டு மூன்று ஏக்கர் மானாவாரிக் கொல்லை வைத்திருக்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துக்கு இந்த மரத்தில் என்ன பங்கு? சாமைக்கும் கொள்ளுக்கும் நெல்லிக்கும் நடுவே நாற்பது ஐம்பது சந்தன மரங்களைத் தன் பெயரில் வளர்த்து, தானே விற்கும் உரிமை அந்தக் குடும்பத்துக்கு எளிதாகக் கிடைக்க வேண்டும். அங்கிருந்து தொடங்கினால்தான் சந்தனத்துக்கும் எதிர்காலம் உண்டு.

ஜவ்வாது மலையின் திருப்பத்தூர் மாவட்டப் பக்கத்தில் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என மூன்று ஊராட்சிகள் இருக்கின்றன. மலையின் மறுபக்கம் ஜமுனாமரத்தூரைச் சுற்றிய ஊர்கள் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தவை. 2019-இல் வேலூரைப் பிரித்துத் திருப்பத்தூர் தனி மாவட்டம் ஆனது. அதற்கும் முன், 1911 வரை, இந்தப் பகுதி சேலம் மாவட்டத்தில் இருந்தது. மாவட்டங்கள் மாறினாலும் மலையில் விளைவது மாறவில்லை. ஆடியில் சாமை விதைப்பு. ஆங்காங்கே கேழ்வரகு, தினை. மழை ஓயும் தருணத்தில் கொள்ளு. வீட்டோரம் பலா, மா, புளி, எலுமிச்சை. கொல்லை என்றால் இங்கே வானம் பார்த்த புன்செய்தான்.

மண் செம்மண், சரளை கலந்தது, சரிவு. கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒரு கணக்குக்கு, இதே மலைத்தொடரில் உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் 725 மீட்டரில் இருக்கிறது. சந்தனம் நன்றாக வருவது 600 முதல் 1,050 மீட்டர் வரையிலான உயரத்தில், தண்ணீர் தேங்காத செம்மண்ணில். இந்த மலைக்கும் அந்த மரத்துக்கும் உள்ள பொருத்தம் இதற்குமேல் விளக்கம் வேண்டாதது. நாட்டில் சந்தனம் இயற்கையாகப் பரவிய பரப்பு சுமார் 9,000 சதுர கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 5,245 கர்நாடகத்தில், 3,040 தமிழ்நாட்டில். தமிழ்நாட்டுப் பங்கில் ஜவ்வாதுக்கும் தருமபுரியின் சித்தேரி மலைக்கும் தனி இடம் உண்டு. திருப்பத்தூரில் அரசுச் சந்தனக் கிடங்கு அமைந்ததும், சேலம், சத்தியமங்கலம் கிடங்குகளோடு அதுவும் ஏல வியாபாரிகள் வந்துபோகும் இடமானதும் இந்த மலையால்தான்.

பக்கத்து வேரைப் பற்றும் மரம்

சந்தனம் பச்சை இலை உள்ள மரம். தனக்கு வேண்டிய உணவைத் தானே சமைத்துக்கொள்ளும். ஆனால் மண்ணிலிருந்து எடுக்கவேண்டியதை முழுக்கத் தன் வேரால் எடுக்க அதற்கு முடியாது. பக்கத்தில் உள்ள செடியின் வேரைத் தேடிப் போய், சிறு குமிழ் போன்ற உறிஞ்சு உறுப்பால் ஒட்டிக்கொண்டு, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, தண்ணீர் எல்லாவற்றிலும் ஒரு பங்கு வாங்கிக்கொள்ளும். இப்படி 300-க்கும் மேற்பட்ட தாவர வகைகளின் வேர்களில் அது ஒட்டுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். துணை இல்லாத கன்று ஓராண்டு ஈராண்டு வெளுத்த இலையோடு நிற்கும், பிறகு பட்டுப்போகும். சந்தனத் தோட்டம் போட்டு ஏமாந்தவர்கள் பலருடைய கதை இங்கேதான் தொடங்குகிறது. தேக்கு நடுவதுபோல் வரிசையாகச் சந்தனத்தை மட்டும் நட்டு, உரத்தைக் கொட்டி, சொட்டுநீர் விட்டு, ஏன் காய்கிறது என்று புரியாமல் நின்றவர்கள் அவர்கள்.

துணைச்செடி நாற்றங்காலிலேயே வேண்டும். பையில் கன்றோடு பொன்னாங்கண்ணித் தண்டு ஒன்றை ஊன்றுவது பழகிய முறை. துவரை விதையும் போடலாம். பொன்னாங்கண்ணி கன்றை மூடிவிடாமல் அவ்வப்போது கிள்ளிவிடவேண்டும். கொல்லைக்கு வந்தபின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் துவரையும் அகத்தியும் துணை. அதற்குப் பின் நீண்டகாலத் துணையாகச் சவுக்கு, புங்கன், வெப்பாலை, மலைவேம்பு, நெல்லி போன்ற மரங்கள். பயறு வகைகள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துவைப்பதால் அவை துணையாக நிற்கும்போது சந்தனம் செழிப்பாக வருகிறது.

இதை ஒரு மலைக்கொல்லையோடு சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். சாமை, துவரை, மொச்சை, கொள்ளு, நெல்லி, புங்கன் எல்லாம் இங்கே முன்பே இருக்கின்றன. சந்தனத்துக்காக யாரும் புதிதாக ஒரு வேளாண்மையைக் கற்றுக்கொள்ளவேண்டிய தேவை நெல்லிவாசல்நாட்டில் இல்லை. கலந்து விதைக்கும் பழைய பழக்கத்துக்குள் மரம் ஒன்று கூடுதலாக வந்து உட்காரும், அவ்வளவுதான். சமவெளியில் பெரும் செலவில் செயற்கையாக உண்டாக்கப் பார்க்கும் சூழல், மலையில் கைச்செலவில்லாமல் கிடக்கிறது.

யாருக்கும் சொந்தமாகாத சொத்து

1792-இல் திப்பு சுல்தான் சந்தனத்தை மைசூரின் அரச மரமாக அறிவித்தார். அதே ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திருப்பத்தூரை உள்ளடக்கிய பாரமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. ஆட்சி மாறியதே தவிர, சந்தனத்தை ஆள்பவர் பிடித்துவைத்துக்கொள்வது நிற்கவில்லை. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை ஒதுக்குக்காடுகளாக்கியது. மலையில் வாழ்ந்தவர்கள் காட்டுக்குள் அனுமதி பெற்று நுழையும் ஆட்களானார்கள். மைசூர் சமஸ்தானம் 1916-இல் சொந்தமாக எண்ணெய் ஆலை தொடங்கியது. அதுவரை கட்டை ஜெர்மனிக்குப் போய் எண்ணெயாகிக்கொண்டிருந்தது. முதல் உலகப் போர் அந்த வழியை அடைத்ததால் வந்த ஏற்பாடு அது. பிறகு சோப்பு வந்தது, பெயர் வந்தது, வருமானம் வந்தது. மரம் நின்ற ஊர்களுக்கு வந்தது வெட்டுக்கூலிதான்.

இது நம் ஊரின் கதை மட்டுமல்ல. ஹவாய்த் தீவுகளில் வேறொரு சந்தன இனம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனச் சந்தைக்காக அதை வெட்டி அனுப்பினார்கள். தீவின் தலைவர்கள் அமெரிக்க வியாபாரிகளிடம் கடன்பட்டார்கள். கடனைக் குடிகள் தலையில் கட்டினார்கள். 1826-இல் போட்ட சட்டப்படி ஆண் ஒவ்வொருவரும் அரைப் பிக்குல், அதாவது சுமார் 30 கிலோ சந்தனக் கட்டை கொண்டுவந்து கொடுக்கவேண்டும், இல்லையென்றால் நான்கு ஸ்பானிய டாலர். மொலோகாய் தீவின் மலைமேல் கப்பலின் அடிவயிறு போலவே வெட்டிய ஒரு பெரிய குழி இன்றும் இருக்கிறது. ஒரு கப்பலுக்கு எவ்வளவு கட்டை வேண்டும் என்று அளக்க வெட்டிய குழி. அது நிரம்பும்வரை மக்கள் மலையேறினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அங்கே வெட்டி விற்க மரமும் இல்லை, வியாபாரமும் இல்லை.

நம் பக்கத்தில் இதைவிடக் கொடுமையானது நடந்தது. 1992 ஜூன் 20 அன்று, தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடியில் உள்ள வாச்சாத்திக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்தவர்கள் நுழைந்தார்கள். சொன்ன காரணம், பதுக்கிய சந்தனக் கட்டையைத் தேடுவது. ஊரில் இருந்தவர்கள் மலையாளிப் பழங்குடிகள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன, கிணறுகள் பாழாக்கப்பட்டன, குழந்தைகளோடு பெண்கள் சிறைக்குப் போனார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் விடாமல் போராடியதால் வழக்கு நின்றது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று அந்தத் தீர்ப்பை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. முப்பத்தொரு ஆண்டு. சந்தனம் என்றதும் ஒரு மலையாளிப் பெண்ணுக்கு வாசனைக்கு முன்னால் எது நினைவுக்கு வரும் என்பதை, மரக்கன்று விநியோகத்துக்கு மலையேறும் ஒவ்வொரு அலுவலரும் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

சந்தனம் குறைந்ததும் தரகர்கள் மலைக்கு வேறு வேலையோடு வந்தார்கள். மரம் வெட்டத் தெரிந்த கைகளுக்கு ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டக் கூலி பேசினார்கள். சாமை அறுவடை முடிந்தால் கையில் காசில்லாத மாதங்களில் அந்தக் கூலி பெரிதாகத் தெரிந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று அந்தக் காட்டில் ஆந்திரக் காவல்துறையினர் சுட்டதில் 20 தமிழர்கள் இறந்தார்கள். ஜவ்வாது மலை ஊர்களைச் சேர்ந்தவர்களும் தருமபுரி மலை ஊர்களைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். உள்ளூரில் ஒரு கொல்லை ஆண்டு முழுக்கச் சோறு போட்டிருந்தால் அந்தக் கூலிக்குப் போயிருப்பார்களா என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியது கொல்லைக்காரர் இல்லை.

சட்டம் திறந்த கதவு

கர்நாடகம் 2001-இலும் தமிழ்நாடு 2002-இலும் வனச் சட்டத்தைத் திருத்தின. சொந்த நிலத்தில் நிற்கும் சந்தனம் நிலத்தின் உரிமையாளருக்கே சொந்தம் என்றானது. தமிழ்நாட்டில் 2008-இல் பட்டா நிலச் சந்தன மரங்களுக்கெனத் தனி விதிகள் வந்தன. நட யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாம். நட்ட மரத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் ஏற்றிக்கொள்ளவேண்டும். வெட்டவும் கொண்டுபோகவும் வனத்துறை வழியாகத்தான் முடியும். துறை மரத்தை எடுத்து அரசுக் கிடங்கில் சேர்த்து ஏலம் விட்டு, தன் செலவைப் பிடித்துக்கொண்டு மீதியை உரிமையாளருக்குக் கொடுக்கும்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. மலையில் இது எப்படி இறங்கும் என்பதுதான் சிக்கல். நெல்லிவாசல்நாட்டில் ஒரு குடும்பம் தலைமுறையாக உழும் நிலம் எல்லாவற்றுக்கும் கையில் பட்டா இருக்கும் என்று நினைக்கக்கூடாது. தாத்தா பெயரில் இருக்கும், கூட்டுப்பட்டாவாக இருக்கும், காட்டு எல்லைக்குள் விழுந்திருக்கும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் வந்தது. குடும்பத்துக்கு நான்கு ஹெக்டேர் வரை உரிமை தருகிறது. அந்த உரிமை வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. அந்தச் சட்டம் மூங்கில், தேன், பழம் போன்ற சிறுவனப் பொருட்களை மக்களுக்கு விட்டுக்கொடுக்கிறது. வெட்டுமரம் அதில் சேராது. அப்படியானால் வன உரிமை ஆவணம் பெற்ற நிலத்தில் உழவர் தன் கையால் நட்டு வளர்த்த சந்தனம் யாருடையது? பட்டாக்காரருக்குக் கிடைக்கும் அதே உரிமை இவருக்கும் உண்டு என்று, ஐயத்துக்கு இடமில்லாத மொழியில், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டும்படி அரசு எழுதித் தரவேண்டும். அது இல்லாமல் கன்று கொடுப்பது, வளர்ந்த பிறகு வழக்கு கொடுப்பதாக முடியும். வாச்சாத்திக்குப் பிறகு இந்த விஷயத்தில் வாய்மொழி உறுதி போதாது.

ஏக்கருக்கு எத்தனை கோடி?

யூடியூபைத் திறந்தால் கணக்கு தயாராக இருக்கிறது. ஏக்கருக்கு 400 மரம், பதினைந்து ஆண்டு, மரத்துக்கு இத்தனை கிலோ, கிலோவுக்கு இத்தனை ஆயிரம், கோடிகள். இந்தக் கணக்கைப் பார்த்து மலையில் யாரும் கடன் வாங்கிவிடக்கூடாது என்ற கவலை எனக்கு உண்டு.

ஏக்கருக்கு 400 மரம் என்றால் பத்தடிக்கு ஒன்று. அந்த நெருக்கத்தில் துணைமரத்துக்கு இடமில்லை, சாமைக்கு வெயிலில்லை. அடுத்தது வயது. சந்தனத்தின் விலை அதன் வைரத்துக்கு. விவசாயிகள் சேகு என்று சொல்வது அதைத்தான். வாசனையும் எண்ணெயும் அங்கேதான், வேரில் இன்னும் அதிகம். அதனால்தான் சந்தனத்தை அடிமரத்தில் வெட்டாமல் வேரோடு தோண்டி எடுக்கிறார்கள். வெளிப்புற வெள்ளை மரத்துக்கு மதிப்பு சொற்பம். வைரம் கட்டத் தொடங்கவே ஏறக்குறைய பத்து ஆண்டு ஆகும். காட்டில் நிற்கும் மரத்தின் சுற்றளவு ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் கூடுகிறது. தோட்டத்தில் பராமரித்தால் மூன்று, நான்கு, நல்ல மண்ணில் ஐந்துகூட வரும். ஆனால் வேகமாகப் பருத்த மரத்தில் வெள்ளை அதிகமாகவும் வைரம் குறைவாகவும் இருப்பதைக் கண்டவர்கள் உண்டு. கல்லும் சரளையுமாகக் கிடக்கும் வறண்ட சரிவில் மெல்ல வளர்ந்த மரத்துக்கே மணம் கூடும் என்பது காடறிந்தவர்களின் நெடுங்கால அனுபவம்.

செய்தித்தாளில் வரும் விலை எந்தக் கட்டையின் விலை என்பதையும் கேட்கவேண்டும். அரசுக் கிடங்குகளில் சந்தனத்தைப் பதினெட்டு தரமாகப் பிரிக்கிறார்கள். முதல் தரம் விலாயத் புத்: கட்டை ஒவ்வொன்றும் 9 கிலோவுக்குக் குறையக்கூடாது, ஒரு டன்னுக்கு 112 கட்டைக்கு மேல் போகக்கூடாது. அடுத்து சைனா புத், 4.5 கிலோ. அதற்கடுத்து பஞ்சம், 2.2 கிலோ. பிறகு வேர், துண்டு, சீவல், கடைசியில் மரத்தூள்வரை. வெள்ளையைச் செதுக்கித் தள்ளிய பின் நிற்கும் வைரத்துக்குத்தான் இந்த எடை. பதினைந்து வயது மரம் எந்தத் தரத்தில் விழும் என்று கன்று விற்பவரிடம் கேட்டால் அவர் பேச்சை மாற்றுவார்.

இதை உலக அளவில் செய்துபார்த்து அடிவாங்கியவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் கனனாரா என்ற ஊரைச் சுற்றி, ஆர்ட் ஆற்றுப் பாசனத்தில், 1999 முதல் நம் இந்தியச் சந்தனத்தை ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் நட்டார்கள். துணைமரம், பாசனம், ஆராய்ச்சி எதிலும் குறை வைக்கவில்லை. நகரத்து முதலீட்டாளர்களிடம் பணம் வாங்கி நட்ட குவின்டிஸ் நிறுவனம் 2018 ஜனவரியில் நொடித்து நிர்வாகிகள் கையில் போனது. மரங்கள் நின்றுகொண்டுதான் இருந்தன. இருபது ஆண்டு பொறுக்க மரத்தால் முடிந்தது, கடன் கொடுத்தவர்களால் முடியவில்லை.

பொறுக்க முடிந்தவர் யார் என்றால், அந்த நிலத்தில் ஆண்டுதோறும் வேறு ஏதாவது விளைவித்து உண்பவர். ஆகவேதான் ஊடுபயிர் என்பது இங்கே கூடுதல் வருமானத்துக்கான யோசனை அல்ல. மரம் முதிரும்வரை குடும்பத்தைத் தாங்குவதே அதுதான்.

ஒரு கொல்லையில் இது எப்படி நிற்கும்

இரண்டு ஏக்கர் மலைக்கொல்லையில் ஓர் ஏக்கரில் மட்டும் நடுவதாக வைத்துக்கொள்வோம். இருபதடிக்கு இருபதடி நட்டால் ஏக்கருக்கு 108 குழி. அதில் பாதிக்குமேல் சந்தனம் வேண்டாம். ஒரு குழி விட்டு ஒரு குழி சந்தனம், நடுவே நெல்லி, சீத்தா, புங்கன், எலுமிச்சை. ஏக்கருக்கு ஐம்பது சந்தனம் என்பது காவல் காக்கக்கூடிய எண்ணிக்கை. வரிசைக்கு நடுவில் ஏர் தாராளமாகப் போகும், சாமையும் கொள்ளும் வழக்கம்போல் வரும்.

ஒன்றரை அடிக் குழி போதும். ஆடி மழையில் மண் நனைந்தபின், ஆறு முதல் எட்டு மாத வயதுள்ள, ஓரடி உயரத்துக்குக் குறையாத கன்றை, அதன் பொன்னாங்கண்ணியோடு நடவேண்டும். குழியிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளிச் சுற்றிலும் துவரை விதைக்கலாம். துவரை கன்றுக்குத் துணையும் நிழலும் ஆகும், மார்கழி தை வாக்கில் காயும் கொடுக்கும். சின்னக் கன்று கடும் வெயிலைத் தாங்காது என்பதால் இந்த நிழல் முக்கியம். முதல் இரண்டு மூன்று கோடையில் ஒவ்வொரு கன்றுக்கும் பதினைந்து நாளுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் பிழைத்துவிடும். ஐம்பது கன்று என்றால் சுமக்கலாம். நானூறு என்றால் மலையில் யார் சுமப்பது?

மரம் வேர்பிடித்தபின் அதன் அடியைச் சுற்றி ஏர் ஆழமாகப் போகக்கூடாது. சந்தனத்துக்கும் துணைமரத்துக்கும் உள்ள ஒட்டுறவு மேல்மண்ணிலேயே நடப்பதால், கலப்பை அதை அறுத்துவிடும். அந்த வட்டத்தில் கொத்தினால் போதும். சாமை அறுத்த தாளை அங்கேயே மூடாக்காகப் போடலாம். ஆனால் மாசி பங்குனிக்கு முன் அகற்றிவிடவேண்டும். காரணம் தீ. சந்தனத்தின் பட்டை மெல்லியது. காட்டுத் தீ தொட்டுப்போனாலே இளமரம் செத்துவிடும். கோடையில் ஜவ்வாதுச் சரிவுகளில் தீ ஏறுவது அரிதல்ல. கொல்லையைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்குச் செத்தை இல்லாமல் வைத்திருப்பது, கம்பிவேலியைவிட முதலில் செய்யவேண்டியது.

ஆட்டைச் சொல்லாமல் விடமுடியாது. சந்தன இலை ஆட்டுக்கு மிகவும் பிடித்த தழை. மலையில் ஆடில்லாத வீடு குறைவு. மூன்று ஆண்டுக்கு முள்படல் கட்டிக் காப்பாற்றினால் மரம் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் போய்விடும். கன்றை விற்பவரும் கொடுப்பவரும் பேசும் தொழில்நுட்பத்தில் படலைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. நூறு கன்றில் எத்தனை மரமாகும் என்பதைப் பெரும்பாலும் அந்தப் படல்தான் தீர்மானிக்கிறது.

வருமானம் வரும் வரிசையைப் பார்க்கலாம். சாமையும் துவரையும் முதல் ஆண்டே. கொள்ளு அதன் பின்னாலேயே. சீத்தா மூன்றாம் நான்காம் ஆண்டில், ஒட்டுநெல்லி ஐந்தாறு ஆண்டில். சந்தனம் இருபது இருபத்தைந்து ஆண்டில், அதுவும் ஒரே நாளில் ஐம்பதையும் எடுக்கவேண்டும் என்பதில்லை. பருத்ததை முதலில் எடுத்து, அந்தக் குழியில் புதுக்கன்று வைத்துக்கொண்டு போனால் அந்தக் கொல்லையில் சந்தனம் தீராது.

நோயைப் பொறுத்தவரை பயப்படவேண்டியது ஸ்பைக் நோய். 1899-இல் குடகில் முதலில் பதிவானது. இலை சிறுத்து, விறைத்து, முள்கொத்துப்போல் நிற்கும். பூவும் காயும் நின்று, இரண்டு மூன்று ஆண்டில் மரம் போய்விடும். பூச்சிகளால் பரவும் நுண்ணுயிரி அது. இன்றுவரை கைகண்ட மருந்து இல்லை. நோய் உள்ள பகுதியிலிருந்து வரும் கன்றை மலைக்குள் ஏற்றாமல் இருப்பதே பாதுகாப்பு. பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் கோயம்புத்தூர் வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனமும் விதைத் தேர்விலும் நாற்றங்கால் முறையிலும் தொடர்ந்து வேலை செய்கின்றன. அங்கிருந்து வரவேண்டியது அறிவு. கன்று இங்கேயே தயாராகலாம்.

காவலும் விதையும்

திருட்டுப் பயத்தை லேசாகச் சொல்லிவிடமுடியாது. உயிரோடு நிற்கும் மரத்தில் துளைபோட்டு வைரம் கட்டிவிட்டதா என்று பார்த்துவிட்டு, ஒரு மாதம் கழித்து வந்து அறுத்துக்கொண்டு போகிறார்கள். கேமரா, மின்வேலி, மரத்துக்குள் சிப் என்று சமவெளியில் தீர்வு சொல்கிறார்கள். ஐம்பது மரத்துக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. மலைக்கு வேறு பலம் இருக்கிறது. ஊர்க்கவுண்டர், மூப்பர், நாட்டார் என்று படிப்படியாக அமைந்த சமூக ஏற்பாடு இந்த மலைநாடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கோவில் திருவிழாவிலிருந்து வரப்புத் தகராறுவரை அங்கே பேசித் தீர்க்கிறார்கள். ஒருவர் கொல்லையில் மட்டும் சந்தனம் நின்றால் அது அவருக்கு ஆபத்து. ஊரில் எல்லோர் கொல்லையிலும் கொஞ்சம் கொஞ்சம் நின்றால், ராத்திரியில் நாய் குரைத்ததும் ஊரே எழுந்திருக்கும். அதனால் கன்றைத் தனி ஆட்களுக்குக் கொடுக்காமல் ஊர் ஊராகக் கொடுக்கவேண்டும். களவு போன மரத்தைப் பற்றிப் புகார் கொடுக்க வந்தவரையே சந்தேகிக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு, அடங்கலில் ஏறிய மரத்துக்கு உரியவர் பாதிக்கப்பட்டவர் என்ற நிலையில் இருந்து விசாரணை தொடங்கவேண்டும். பதிவைக்கூட மக்கள் மலையிறங்கிப் போய்ச் செய்யத் தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வருவாய்த்துறையும் வனத்துறையும் சேர்ந்து புதூர்நாட்டிலும் நெல்லிவாசலிலும் முகாம் போட்டு மரத்தை எண்ணிச் சான்று கொடுத்துவிட்டுப் போகலாம்.

இந்தியாவில் 1930 முதல் 1950 வரை ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 டன் சந்தனம் எடுத்தார்கள். இன்று அதில் பத்தில் ஒரு பங்குகூட வருவதில்லை. 1998 முதல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் சந்தனம் அழிய வாய்ப்புள்ள இனம். கோவிலுக்கும், நாகூர் கந்தூரிக்கும், சவ அடக்கத்துக்கும், மருந்துக்கும், உலகத்தின் வாசனைத் திரவியத்துக்கும் தேவை குறையவே இல்லை. அந்தத் தேவையை ஒதுக்குக்காட்டிலிருந்து இனி எடுக்கமுடியாது, எடுக்கவும் கூடாது. காட்டில் மிஞ்சிய முதுமரங்கள் விதைக்கு வேண்டும்.

அந்த விதைதான் அவசரம். சந்தனத்தில் ஒவ்வொரு மலைக்கும் ஒரு குணம் உண்டு. ஆராய்ச்சியாளர்கள் தனித்துக் குறித்துவைத்த வகைகளில் ஜவ்வாதும் சித்தேரியும் உண்டு. இந்த மலையின் மழைக்கும் மண்ணுக்கும் பழகிய விதை இங்கே இருக்கும்போது வெளியிலிருந்து கன்று ஏற்றுவதில் பொருளில்லை. மரம் ஆண்டில் இரண்டு முறை பூக்கிறது. பழத்தை மரத்திலிருந்தே பறித்து, சதையை அலசி, நிழலில் உலர்த்தினால் கிலோவுக்கு ஏறக்குறைய 6,000 விதை. இரண்டு மாதம் உறக்கம் கழிந்தபின் மணல் பாத்தியில் தூவவேண்டும். முளைக்க நான்கு வாரமும் ஆகலாம், பதினான்கு வாரமும் ஆகலாம். மகளிர் குழுக்கள் ஊராட்சிக்கு ஒன்று என நாற்றங்கால் நடத்த இதில் கடினமான வேலை ஒன்றுமில்லை. தாய்மரம் எவை என்று வனத்துறை குறித்துக் கொடுத்து, பழம் பறிக்க மலைமக்களுக்கு எழுத்தில் அனுமதி தரவேண்டும். இந்தப் பருவத்துப் பழத்தில் தொடங்கினால் அடுத்த ஆடிக்கு நெல்லிவாசல்நாட்டுக் கொல்லைகளுக்கு வேண்டிய கன்று நெல்லிவாசலிலேயே இருக்கும்.